ஜமக்காளத்தில் பிரித்த கம்ப்யூட்டர்

என் கணவர் தம்பிதுரைக்கு ஒரு கம்ப்யூட்டர் ஓடுகிறதா இல்லையா என்பது அதற்குள் எரியும் கலர் விளக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விளக்கு எரிந்தால் ஓடுகிறது. அணைந்திருந்தால் ஓடவில்லை. காட்டூரில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். சுவிட்சைப் போட்டால் சுற்றும், நிறுத்தினால் நிற்கும் சாமான்களோடு பழகியவர். அதற்கு மேல் ஒரு பொருளிடம் அவர் எதையும் எதிர்பார்த்ததில்லை. பெண்டாட்டியிடமும் அப்படித்தான்.

நான் புவனா, பி.ஆர்க். படித்தவள். இனிமேல் கட்டப்போகிற வீடோ மண்டபமோ எப்படி இருக்கும் என்று, அதற்குள் நடந்து போவது போலவே வீடியோ செய்து காட்டுவது என் தொழில். என் கொழுந்தன் மிதுனின் மனைவி மேக்னாவுக்கும் அதே தொழில். நான் சுவரையும் தூணையும் எழுப்பினால் அவள் வெயிலையும் கிரானைட்டின் பளபளப்பையும் கொண்டுவருவாள். கணபதி ஏரியாவில் ஒரே வீட்டில் இருந்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துப் பார்த்து வாங்கி, கூடத்தில் உட்கார்ந்து நாங்களே பூட்டினோம். அண்ணன் தம்பி இருவரும் செய்த ஒரே உதவி, கண்ணாடி வைத்த பெட்டியும் கலர் விளக்கும் வேண்டும் என்று அடம் பிடித்தது. அதன்பிறகு வருகிறவர்களிடமெல்லாம் 'நாங்களே அசெம்பிள் பண்ணுனதுங்' என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள்.

வம்பு மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழா நோட்டீஸில் தொடங்கியது. உபயதாரர் பட்டியலில் மிதுன் பெயர் மேலேயும் என் கணவர் பெயர் கீழேயும் அச்சாகிவிட்டது. மூத்தவன் இருக்கும்போது இளையவன் பெயர் எப்படி மேலே போகலாம் என்று இவர் கேட்டார். அதிகம் கொடுத்தவன் பெயர்தான் மேலே வரும் என்று மிதுன் சொன்னார். அந்த நோட்டீஸை ஊரில் பாதிப் பேர் வடை எண்ணெய் துடைத்துத்தான் எறிந்திருப்பார்கள். ஆனால் நோம்பி முடிவதற்குள் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய கடை இரண்டானது, வீடு இரண்டானது, நடுவில் ஒரு சுவரும் எழும்பிவிட்டது. ஒரே அடுப்படியில் புழங்கிய நானும் மேக்னாவும் ஒருநாள்கூடச் சண்டை போட்டதில்லை. பொம்பளைகளால்தான் குடும்பம் பிரிந்தது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்களாம்.

பாகம் பிரிக்கத் தாராபுரத்திலிருந்து பெரிய மாமனார் திருமலைசாமி வந்தார். கூடத்தில் பவானி ஜமக்காளத்தை விரித்து நடுவில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் குடும்பத்தில் மூத்தவன் கூறு போட வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். எந்தக் கூறு போகும் என்று தெரியாததால் கூறு போடுகிறவன் ஏமாற்ற மாட்டான் என்பது கணக்கு. தென்னந்தோப்புக்கு நல்ல வழக்கம்தான். கிணற்றையும் தோப்பையும் கடைச் சரக்கையும் பிரித்து முடித்த பிறகு அவர் கண் கம்ப்யூட்டர் மேல் விழுந்தது.

"அதையுங் கழட்டு" என்றார்.

கடை மோட்டாரைக் கழற்றுகிற வேகத்தில் இவர் ஸ்க்ரூ டிரைவரோடு பாய்ந்தார். கிராபிக்ஸ் கார்டை, பிடிப்பை எடுத்துவிடாமலேயே பிடித்து இழுத்தார். நான் கத்திய கத்தலில் மாமனாரே திரும்பிப் பார்த்தார். பிறகு நானே எல்லாவற்றையும் கழற்றி ஜமக்காளத்தில் வைத்தேன். என் கையாலேயே வைத்தேன்.

"இதென்ன அம்மணி, தல சீவற சீப்பாட்ட இருக்குது?"

"ராமுங்க மாமா. நாலும் ஒரே பெட்டியில வந்த செட்டுங்க. பிரிக்கக் கூடாதுங்க."

"நாலு இருக்குதல்லோ? ஆளுக்கு ரெண்டு."

"இல்லீங்க மாமா, அது நாலும் சேர்ந்து..."

"ஒரே தொழுவத்துல பொறந்த கன்னுகளையே பிரிச்சுப்போட்டோம். இதுக்கு என்ன வந்துச்சு?"

ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அந்தச் சிரிப்பு. பெட்டி, மதர்போர்டு, பிராசசர், சின்ன மானிட்டர், இரண்டு ராம் ஒரு கூறு. கிராபிக்ஸ் கார்டு, கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், பெரிய மானிட்டர், இரண்டு ராம் இன்னொரு கூறு. கிராபிக்ஸ் கார்டு தூக்குவதற்குக் கனமாக இருந்ததால் மிதுன் அந்தக் கூறை எடுத்துக்கொண்டார். இரண்டு கூறிலும் எதுவும் ஓடாது என்பது அந்தக் கூடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை.

ஓடாததை ஓட வைக்க இவர் சாமான் வாங்கக் கிளம்பினார். நான் எழுதிக் கொடுத்த விவரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார், அதே மடிப்போடு திரும்பி வந்தார். எஸ்எம்பிஎஸ்ஸை எப்படித் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி எடை பார்த்தாராம். "கனமா இருந்தா உள்ள காப்பர் நெறையா இருக்கும் புள்ள. மோட்டார்க்காரனுக்கு இது தெரியாதா?" என்றார். கிராபிக்ஸ் கார்டு திருப்பூரில் யாரோ ஒருவனிடம் வாங்கியது. பிட்காயின் மாதிரி ஆன்லைன் காசு தோண்டி எடுக்கிறேன் என்று ராப்பகலாக ஓட்டிச் சக்கையாக்கித் துடைத்து விற்றிருக்கிறான். இவர் கண்ணுக்கு அது 'புதுசாட்டவே' இருந்தது. ராம் வேறு கம்பெனி, வேறு வேகம். கேட்டதற்கு "ராம்னா ராம்தானே" என்றார். கூடவே நான் கேட்காத ஒன்றும் வாங்கி வந்திருந்தார். இன்னும் மூன்று கலர் விளக்கு விசிறி.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளகோவில் லட்சுமணசாமி வந்தார். எண்ணெய் மில் வைத்திருப்பவர். கரூர் ரோட்டில் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்.

"ஏனுங்க அம்மணி, வெள்ளிக்கிழமை எங்க சொந்தமெல்லாம் ஒண்ணு கூடறோம். அன்னைக்கு டிவியில போட்டுக் காட்டோணும். வாசல்ல இருந்து மேடை வரைக்கும் நடந்து போறாப்பல இருக்கோணும். அது அவங்களுக்குப் புடிச்சுப்போச்சுன்னா உள்வேலை அத்தனையும் உங்களுக்கேதானுங்" என்றார்.

என் பெயருக்கு வந்த முதல் பெரிய வேலை. அவர் போன பிறகு என் கணவர் சோபாவில் சாய்ந்தபடி, "இதுவுங் கைகூடலைன்னா பெட்டிய வித்துப்போட்டு நீ கடைக்கு வந்துரு. பில் போட ஆளில்லாம நாந்தேன் சிரமப்படறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஏதோ நல்லது செய்கிற குரலில் சொன்னார். அந்த பில் மேசை எனக்குத் தெரியும். கிரீஸ் வாடையும் தலைக்கு மேல் கறுத்துப்போன ஒரு ஃபேனும். அங்கே ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்க விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை வீடியோ முடியாவிட்டால் என் படிப்பும் தொழிலும் அந்த மேசையோடு சரி என்று எனக்கு நன்றாகவே புரிந்தது.

மண்டபத்தை எழுப்பினேன். மேடை வந்தது, தூண்கள் வந்தன. கூரைக்கு விளக்கு போட்டேன். வீடியோ ஓட்டலாம் என்று பட்டனை அழுத்தியதும் திரை கறுத்தது. நொடியில் திரும்பி வந்து, கார்டை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவர் நின்றுவிட்டது என்று சொன்னது. மறுபடி ஓட்டினேன். இந்தமுறை முழுத் திரையும் நீலமாகி மெமரியில் பிழை என்று எழுதிவிட்டு, தானாக அணைந்து தானாக எழுந்தது. மூன்றாவது முறை தூண்களெல்லாம் ஊதாக் கோடுகளாக உருகின. லட்சுமணசாமி குடும்பத்துக்கு அதைக் காட்டினால் மண்டபத்தில் பேய் இருக்கிறது என்று இடத்தையே விற்றிருப்பார்கள்.

என் கணவரின் வைத்தியம் தொடங்கியது. முதலில் வோல்டேஜ். கடையிலிருந்து இரண்டு ஆட்கள் தூக்கி வந்த ஸ்டெபிலைசர் கூடத்தின் மூலையில் உட்கார்ந்தது. ஒரு ரைஸ் மில்லையே தாங்கும். நீலத் திரை நிற்கவில்லை. அடுத்தது வாஸ்து. மேசையைத் தென்மேற்கிலிருந்து வடக்குக்கு இழுத்தார். திரை வடக்கிலும் நீலமாகவே இருந்தது. கடைசியில் சுவரைப் பார்த்துவிட்டு, "அவிய கண்ணுதான். இத்தன வெளக்கு எரியறது பொறுக்குமா?" என்று பெட்டிக்கு முன்னால் பூசணி உடைத்தார். பூசணியையும் குங்குமத்தையும் தரையிலிருந்து வழித்து எடுத்தது நான்.

"ஏனுங்க, கார்டும் ராமும் சரியில்லீங்க. மாத்தோணும்" என்றேன்.

"வெளக்கெல்லாம் எரியுதல்லோ?"

ஒரு மனிதனிடம் எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்கூட இல்லை. தெருவில் கிடப்பதைத் தாண்டிப் போகும்போது முகம் சுளிப்போமே, அதுதான் வந்தது. இவரிடம் இனி ஒன்றும் கேட்பதில்லை என்று முடிவு செய்து, அவர் கடைக்குப் போன பிறகு பெட்டியைத் திறந்தேன்.

ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றிய பிறகு பொறுமையாகப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு ஆண்களுக்கு இந்த இரண்டும்தான் வராது. கிராபிக்ஸ் டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போட்டேன். பலனில்லை. மெமரி சோதனையை ஓடவிட்டுச் சாம்பாருக்குக் காய் நறுக்கினேன். குழம்பு கொதிப்பதற்குள் திரை முழுக்கச் சிவப்புப் பிழைகள். புது ராம் இரண்டையும் கழற்றினேன். பழைய இரண்டை மட்டும் வைத்து ஓட்டினேன். ஒரு பிழை இல்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்தேன். அதுவும் சுத்தம். ஆக, தனித்தனியாக இரண்டும் நல்லவைதான். ஒன்றாக உட்கார வைத்தால்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ராமின் வேகத்தைக் குறைத்துக்கூடப் பார்த்தேன். நீலத் திரை கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

சரி, பழைய இரண்டோடு ஓட்டலாம் என்றால் மண்டபம் அதற்குள் அடங்கவில்லை. ராம் என்பது வேலை செய்கிற மேசை மாதிரி. பாதி மேசையில் முழு மண்டபத்தைப் பரப்ப முடியாது. பாதித் தூண்களை மறைத்து வைத்து ஓட்டிப் பார்த்தேன். மெமரி பிழை வரவில்லை. ஆனால் திரை கறுப்பது நிற்கவில்லை. வேலை கொஞ்சம் கனமானால் கார்டு அதிகக் கரண்ட் கேட்டது, எடை பார்த்து வாங்கிய அந்தக் காப்பர் பெட்டகம் கையை விரித்தது. கார்டும் பாதி செத்திருந்தது. எனக்கு வேண்டியது எதுவென்று தெளிவாகிவிட்டது. எங்கள் பழைய நாலு ராம், பழைய கார்டு, பழைய எஸ்எம்பிஎஸ். அதில் என்னிடம் இல்லாத எல்லாமே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனேன். அங்கேயும் அண்ணனும் தம்பியும் சுவர் வைத்திருந்தார்கள், ஆனால் இடுப்பு உயரம்தான். மேக்னாவும் துணி வாளியோடு நின்றாள். பிரிந்ததிலிருந்து நாங்கள் பேசியதில்லை. பேசினால் வீட்டில் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது.

"உங்கூட்லயும் நீலமா?" என்று கேட்டேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "நீலங்க்கா. ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு எண்றதையே உட்டுட்டேன். இவரு என்ன சொல்றாரு தெரியுங்களா? உங்கூட்டு மாமா பிரிக்கும்போதே எங்க கூறுல எதையோ கெடுத்துத்தான் வச்சுட்டாராம்."

"இங்க உன்ற ஊட்டுக் கண்ணு பட்டுச்சுன்னு பூசணி உடைச்சாச்சு."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது இருவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அவளும் வேறு கம்பெனி ராமைச் சேர்த்து மாட்டியிருந்தாள். மாட்டியது அவள், வாங்கியது மிதுன். அங்கேயும் 'ராம்னா ராம்தானே'. வெள்ளகோவில் மண்டபத்தையும் வெள்ளிக்கிழமையையும் அந்த பில் மேசையையும் அவளிடம் சொன்னேன். வெளிச்சமெல்லாம் நான் போட்டது போதாது, நீதான் போட வேண்டும் என்றும் சொன்னேன்.

"நான் ரெண்டு ராமையும் டிபன் டப்பாவுல வச்சு இந்தச் சுவத்து மேல வச்சுறட்டுங்களாக்கா?" என்றாள்.

பழைய செட்டில் அவளிடம் அந்த இரண்டுதான் இருந்தது. அதைத்தான் தருகிறேன் என்கிறாள். கூடத்தில் ஜமக்காளத்தைச் சுற்றி உட்கார்ந்த அத்தனை பேரிலும் ஒருவனுக்கு இந்த மனசு இருந்திருந்தால் சுவருக்கு ஆன செங்கல் மிச்சமாகியிருக்கும்.

"எனக்குத் தந்துட்டு நீ என்ன பண்ணுவ கண்ணு? நாம மறுபடியும் ஒண்ணாப் பூட்டலாம். ரெண்டு ஊட்லயும் வேண்டாம். வேற எங்காச்சும்."

அவளோடு கல்லூரியில் படித்த ஆஃப்ரின் சாயிபாபா காலனியில் தையல் கடை வைத்திருந்தாள். மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது. மேக்னா, மெஷின் சர்வீஸுக்குப் போகிறது என்று மிதுனிடம் சொல்லிவிட்டு அவள் பெட்டியை அப்படியே ஆட்டோவில் ஏற்றினாள். நான் மதர்போர்டையும் பிராசசரையும் ராமையும் கழற்றி, துண்டில் சுற்றிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சின்ன மானிட்டரையும் எடுத்துக்கொண்டேன். எங்கள் பெட்டி காலியாக நின்றது. மாலையில் இவர் வருவார். விளக்கு எரியாவிட்டால் கேள்வி வரும்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பெரிய பிளக்கில் இரண்டு ஓட்டைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் போர்டே இல்லாமலும் அது உயிர்பெறும். கம்பியைச் சொருகினேன். எடை பார்த்து வாங்கிய அந்தப் பெட்டகம் அதற்கு மட்டும் உதவியது. விசிறிகள் சுற்றின. சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குகள் மாறி மாறி எரிந்தன. கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே விளக்கும் காற்றும் தவிர ஒன்றுமில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த அறையில் தரையில் உட்கார்ந்து, முதல்முறை பூட்டியது போலவே இருவரும் பூட்டினோம். நாலு ராமும் பழைய வரிசையிலேயே ஏறின. சோதனையை ஓடவிட்டோம். ஒரு பிழை வரவில்லை. அதன்பிறகு நான் தூண்களைத் திருத்த, மேக்னா வாசல் வழியாகக் காலை வெயிலை உள்ளே கொண்டுவந்தாள். கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் மெஷினும் ஒருமுறைகூட நிற்காமல் ஓடியது. வெள்ளிக்கிழமை மதியம் லட்சுமணசாமி போன் செய்து, தன் தங்கச்சி அந்த வீடியோவில் மேடையைப் பார்த்ததும் மகள் கல்யாணத்தை அங்கேதான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். உள்வேலை எங்களுக்கு வந்தது. எங்களுக்கு என்றால் புவனாவுக்கும் மேக்னாவுக்கும். ஒப்பந்தக் காகிதத்தில் இரண்டு பெயரையும் ஒரே வரியில் அடிக்கச் சொன்னோம், மேலேயும் கீழேயும் வேண்டாம் என்று.

இரண்டு மாதம் கழித்துத் தாராபுரத்திலிருந்து பெரிய மாமனார் வந்தார். கூடத்தில் அதே ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். நான் காபி கலந்து எடுத்து வந்தபோது என் கணவர் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல நின்னு நின்னு போச்சுங் பெரீப்பா. என்ற தம்பி ஊட்டுக் கண்ணு. நான் ஸ்டெபிலைசர் வச்சு, எடத்த மாத்தி, பூசணி உடைச்சதுக்கப்பறம் ஒரு நாக்கூட நின்னதில்லீங். பாருங், எப்படி எரியுதுன்னு!"

மாமனார் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பெட்டியை நன்றாகப் பார்த்தார். விளக்கு பச்சையாகி, நீலமாகி, சிவப்பானது.

"நான் அப்பவே சொன்னனல்லோ? சரிபாதியாப் பிரிச்சா ரெண்டு பக்கமும் வெளங்கும்னு. அங்க மிதுனும் மெஷினச் சர்வீஸுக்குக் குடுத்திருக்கறதாச் சொன்னான். வந்துச்சுன்னா அதும் இப்படித்தேன் ஓடும்."

எனக்குச் சிரிப்பு வரும் என்றுதான் நினைத்தேன். மேக்னாவிடம் சொல்லிச் சிரிக்க எவ்வளவு நல்ல கதை! ஆனால் அந்த மேசையைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. மேசையில் பெட்டி மட்டும்தான் இருந்தது. மானிட்டர் இல்லை. கீபோர்டும் இல்லை. நான் உட்காரும் நாற்காலிகூட இல்லை, அதையும் அந்த அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். தினமும் காலையில் அவர் கடைக்குப் போன பிறகு கிளம்பி, அவர் வருவதற்கு முன்னால் திரும்பிவிடுகிறேன். இத்தனை நாளில் ஒருமுறைகூட, நீ எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறாய் என்று அவர் கேட்டதில்லை. வெள்ளகோவில் வேலை என்ன ஆனது என்றும் கேட்கவில்லை. விளக்கு எரிகிறது, சோறு வேகிறது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

"என்ன புள்ள, நல்லா ஓடுதல்லோ?" என்று காபியை வாங்கிக்கொண்டே கேட்டார்.

"நல்லா ஓடுதுங்க" என்றேன்.